ஷெட்டுக்குத் தோண்டிய ஆறு குழி

வேன் வாங்கிய முதல் வாரத்திலேயே அதன் கூரை மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். விரல் நுனியில் வெள்ளையாக மாவு ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு மேற்கே சயனைடு மேடு இருக்கிறது. தங்கத்தைப் பிரித்த பிறகு கழித்துக் கொட்டிய மண், அடுத்தடுத்து இரண்டு குன்றளவுக்குச் சேர்ந்து கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் சோற்றில் விழும், காயப் போட்ட துணியில் விழும், தூங்குகிறவன் காதில் விழும். வேன் இன்ஜினை மட்டும் விட்டு வைக்குமா?

எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்கால ரயிலைப் பிடித்து, பெங்களூரில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்பி வருவது இருபது வருஷத்துக்கு மேல் என் பிழைப்பாக இருந்தது. முழங்கால் இரண்டும் இனி முடியாது என்று சொல்லிவிட்டன. அதனால் கையிலிருந்ததைப் போட்டு ஒரு பழைய வேன் வாங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஊரிலேயே இருந்துவிடலாம் என்பது திட்டம். வேன் நின்றால் அடுப்பு நிற்கும். ஆகவே வேனுக்கு ஒரு ஷெட் வேண்டும்.

ஷெட் என்றால் யாரிடமாவது வேலையைக் கொடுக்க வேண்டும். எனக்கு அங்கேதான் சிக்கல். நான் சந்தேகக்காரன். இதை ஒளிக்க ஒன்றுமில்லை, தெருவுக்கே தெரியும்.

இங்கே தங்கச் சுரங்கம், மைன்ஸ், மூடும் வரை பத்து வருஷம் நான் டிம்பர்மேன். பூமிக்கு உள்ளே பாறை சரியாமல் மரத்தூண் நிறுத்தி முட்டுக் கொடுக்கிற வேலை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி இடத்துக்குப் போனதும், முதல் காரியமாகக் கம்பியால் தலைக்கு மேலிருக்கிற பாறையைத் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் பயமில்லை. தொம்மென்று கேட்டால் உள்ளே பிளந்திருக்கிறது, அடியில் நிற்காதே என்று அர்த்தம். மைன்ஸ் மூடிவிட்டது, என் கை மூடவில்லை. தர்பூசணி, கதவு, சுவர், வாங்கப்போகிற கட்டில், எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி வருவதற்குள் சுவரைத் தட்டிப் பார்த்தவன் நான். அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்த பையன்தான் என் மனைவியின் தம்பி, இன்றைக்கு என் மச்சான்.

அவர்களுடைய அப்பா அம்மா இருவருமே போய்விட்டார்கள். அந்த வீடும் கைமாறிவிட்டது. தாய் வீடு என்று என் மனைவிக்கு மிச்சமிருப்பது இந்தத் தம்பி ஒருவன்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பு, மஞ்சள் கொத்து, புது அரிசி, வெல்லம், ஒரு புடவை என்று வரிசைத் தட்டோடு அவன் வாசலேறி வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க நான் வாங்கித் தந்த எதற்கும் அந்த முகம் வந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பக்கத்திலிருக்கிற ராபர்ட்சன்பேட்டையில் அவனுக்கு வெல்டிங் பட்டறை. அதற்கு முன்னால் நாலு வருஷம் அந்தமானுக்குப் போய், கடற்கரை ஓரத்தில் ஷெட் போடுகிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன். புயல் வருஷா வருஷம் வந்து போகிற இடம் என்று சொல்வான். ஷெட் பேச்சை எடுத்ததும் மனைவி சொன்னாள்: "வெளியாள் இன்னாத்துக்குங்க? தம்பி கீறான் இல்ல?"

அதுதான் எனக்கு முதல் சந்தேகம். வெளியாள் ஏமாற்றினால் சட்டையைப் பிடிக்கலாம். சொந்தக்காரன் ஏமாற்றினால் வடை பாயசத்தோடு சாப்பாடு போட வேண்டும்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை வந்தான். பத்தடி அகலம், பதினெட்டடி நீளம் என்று இடத்தை அளந்தான். அளந்து முடித்து மேட்டுப் பக்கம் திரும்பி, ஒரு கைப்பிடி தூளை எடுத்து மேலே எறிந்து, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தான். எனக்கு அது வேஷம் போலத் தோன்றியது. மறுநாள் எஸ்டிமேட் வந்தது. பைப்பு, ஷீட்டு, கூலி எல்லாம் நான் எதிர்பார்த்த அளவில்தான். சிமெண்டுக்கு வந்ததும் கண் நின்றுவிட்டது. பதினெட்டு மூட்டை. கீழே கம்பி கட்டு, கொக்கி போல்ட், குறுக்குப் பட்டை என்று தனித்தனி வரிகள்.

"இன்னா மச்சான், ஷெட்டுக்கா பாலத்துக்கா?" என்றேன்.

"ஆறு தூணு மாமா. ஒவ்வொண்ணுக்கும் நாலடி ஆழம், ரெண்டடி அகலம் குழி. கான்கிரீட்டு உள்ள போல்ட்ட எறக்கி, அதுமேல தூண மாட்டணும்."

"ஒன்றரை அடி போதும்."

"போதாது மாமா. தீவுல இப்புடித்தான் ஒரு ஆளு மிச்சம் புடிச்சாரு. ஷெட்டு ரெண்டு தெரு தள்ளி கெடந்துச்சு."

"அது தீவு. இங்க கடல் எங்க கீது?"

"காத்துக்குக் கடல் வேணாம் மாமா. ரெண்டு மேட்டுக்கு நடுவுல பூந்து வர காத்து போதும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முட்டுக் கொடுப்பதைப் பற்றி எனக்கே பாடமா? அண்டர்கிரவுண்டில் நாங்கள் குழி தோண்டியா தூண் நட்டோம்? தரையில் நிறுத்தி, மேலே ஆப்பு அடித்து இறுக்கினால், பாறையின் கனமே தூணைப் பிடித்துக்கொள்ளும். தூண் தடிமனாக இருக்க வேண்டும், கூரை கனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஷீட் மேல் நாலு கருங்கல் ஏற்றி வைத்தால் முடிந்தது. தவிர, எங்கள் ஊரில் தரைக்குக் கீழே எங்கே பாறை, எங்கே வெற்றிடம் என்று யாருக்குமே முழுசாகத் தெரியாது. வீணாக நாலடி தோண்டி அதைக் கிளற வேண்டுமா?

"மாமா, நீங்க சொல்றது மேலேருந்து வுழறதுக்கு," என்றான் அவன், பொறுமையாக. "இது வுழாது. தூக்கும். கூர பட்டம் மாரி. அத்தப் புடிச்சி கீழ இழுத்து வெக்கறதுக்குத்தான் கனம் வேணும். மேல வெச்ச கல்லு பறந்து எவன் மண்டையிலயாவது வுழும்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பேச்சு நன்றாக இருந்தால் எனக்கு இன்னும் சந்தேகம் வரும். பேனாவை எடுத்துப் பதினெட்டை அடித்து ஐந்து என்று எழுதினேன். கம்பி கட்டை அடித்தேன். போல்ட்டின் நீளத்தைப் பாதியாக்கினேன். குறுக்குப் பட்டையை மட்டும், கொஞ்சம் பெரிய மனது பண்ணி, விட்டு வைத்தேன். மச்சான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அக்காவை ஒரு பார்வை பார்த்தான்.

என் சந்தேகம் எப்போதும் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். ஷீட் வாங்க பஜாருக்கு நானே போனேன். கடைக்காரர் மேலே இருந்த ஷீட்டை எடுத்துக் காட்டினார். தட்டினேன், சத்தம் சரியாக இருந்தது. அடியிலிருந்து ஒன்றை உருவச் சொல்லித் தட்டினேன், சத்தம் வேறாக இருந்தது. கிடங்கில் இரவல் வாங்கி வந்த அளவுக் கருவியை வைத்துப் பார்த்தால் கனம் குறைவு. கடைக்காரர் அசடு வழிந்து, வேறு கட்டைப் பிரித்துக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது என் நெஞ்சு ரொம்பவே நிமிர்ந்திருந்தது. கடையில் ஒருவனைப் பிடித்தவன் வீட்டில் இன்னொருவனைத் தேடினேன்.

மாசி மாதம் வேலை ஆரம்பித்தது. நான் இன்னும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன், வேன் ஓட்டுவதற்கான காகிதங்கள் கைக்கு வரவில்லை. என்னால் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. காலையில் போகும்போது ஆறு இடத்தில் சுண்ணாம்புக் கோடு. இரவு வந்து பார்த்தால் ஆறு குழியும் மூடி, கான்கிரீட் போட்டு, போல்ட் முனைகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரே நாளில். என்னை வைத்துக்கொண்டு போட்டிருக்கலாமே, என்ன அவசரம்? விரலால் தட்டிப் பார்த்தேன். ஈர கான்கிரீட் என்ன சொல்லும்?

மறுநாள் லீவு போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி வந்தேன். முதலில் தண்ணீர் டிரம்மைப் பார்த்தேன். எங்களுக்கு லாரித் தண்ணீர்தான், ஒவ்வொரு குடத்துக்கும் கணக்குண்டு. இரண்டு டிரம் அடி தெரிய காலி. ஐந்து மூட்டைக்கு இவ்வளவு தண்ணீரா? குளியலறைப் பின்னால் காலிச் சாக்குகள் மடித்துக் கிடந்தன. எண்ணினேன். பதினெட்டு.

ஐந்து வாங்கிய இடத்தில் பதினெட்டுச் சாக்கு! அப்போது எனக்கு எல்லாம் விளங்கியதாக நினைத்தேன். இரண்டு லைன் வீட்டு வரிசை தள்ளி ஒரு மளிகைக் கடைக்காரருக்கு மச்சான் காம்பவுண்டுச் சுவரும் இரும்பு கேட்டும் போட்டுக்கொண்டிருந்தான். அங்கே தண்ணீர் இல்லை. ஆகவே அந்த வேலைக்கான கலவையை இங்கே, என் தண்ணீரில் கலந்து எடுத்துப் போயிருக்கிறான். நாளைக்கு அந்தச் சாக்குகளைக் காட்டி என்னிடமே பில்லும் நீட்டுவான். குற்றத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம் ஒன்று இருக்கிறதே, அதைப் போல மனிதனைக் கெடுப்பது வேறில்லை.

மச்சான் இரண்டு ஆட்களோடு தூண் பைப்பை இறக்கிக்கொண்டிருந்தான். அந்த ஆட்கள் முன்னாலேயே கேட்டேன்.

"அடுத்தவன் சொவுத்துக்கு என் தண்ணியில கலவ போடறியா மச்சான்?"

அவன் நிமிர்ந்தான். "இன்னா மாமா?"

"சாக்க எண்ணிட்டேன். பதினெட்டு. உங்கக்கா வூடுன்னா கேக்க ஆள் இல்லன்னு நெனச்சியா? திருட்டு வேலைக்கு சொந்தக்காரன் வூடுதான் கெடச்சுதா?"

ஆட்கள் பைப்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார்கள். மச்சான் வாயைத் திறந்தான். அப்போது அவன் கண் என்னைத் தாண்டிச் சமையலறை வாசலுக்குப் போனது. திரும்பிப் பார்த்தேன், என் மனைவி நின்றிருந்தாள். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். கையில் ஒட்டிய பைப்புத் துருவைக்கூடக் கழுவவில்லை.

"வரேன்க்கா," என்றான் அவளிடம் மட்டும். போய்விட்டான்.

பதில் சொல்லாமல் போனதே எனக்குச் சாட்சியாக இருந்தது. தூண் நிறுத்தி, கூரை வெல்டிங் செய்ய ஆட்களை அனுப்பினான். அவன் வரவில்லை. கடைசியில் பில் வந்தது: ஐந்து மூட்டை, நான் அடித்துத் திருத்தியபடி, ஒரு ரூபாய் கூடவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்தேன். மனைவி அந்த மாதம் முழுக்கக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

சித்திரையில் வேன் ஓட ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்திருந்தேன், மேற்கே மேடு காணாமல் போனது. வெள்ளையாக ஒரு சுவர் எழும்பி எங்களை நோக்கி வந்தது. கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்றுதான், வருஷா வருஷம் பார்ப்பதுதான். ஆனால் அந்த வருஷம் அது வேறு மாதிரி கத்திக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக்காரர் மாட்டுக்குப் போட்டிருந்த ஷெட்டின் கூரை ஒரு பக்கம் எழும்பி, திறந்து, கழன்று, மேலே வைத்த கற்களோடு போனது. ஒரு கல் எங்கள் சுவரில் வந்து மோதியது. நல்லவேளை, தெருவில் ஆளில்லை.

நான் ஓடிப்போய் எங்கள் ஷெட்டின் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எழுபது கிலோ ஆள் பிடித்து என்ன ஆகப் போகிறது, புத்தி அப்படிப் போனது. தலைக்கு மேல் ஷீட் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. அப்போதுதான் என் உடம்புக்கே தெரிந்தது: கூரை கீழே அழுத்தவில்லை, மேலே இழுக்கிறது. கைக்குள் தூண் விம்மியது. பத்து வருஷம் மேலிருந்து வருவதற்கே பயந்து பழகிய எனக்கு, கால் தரையை விட்டுக் கிளம்புவது போன்ற அந்த இழுப்பு புதிது. உண்மையிலேயே பயந்துபோனேன். தூண் விம்மியதே தவிர ஒரு நூல்கூட எழும்பவில்லை. பிறகு மழை கொட்டியது, காற்று ஓய்ந்தது. உள்ளே வேன் மேல் ஒரு கீறல் இல்லை.

வேறொருவனாக இருந்தால் சாமி கும்பிட்டிருப்பான். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒன்றரை அடிக் குழியும் பாதி நீளப் போல்ட்டும் போட்ட தூண் எப்படி நின்றது? இதில் ஏதோ இருக்கிறது. மழை விட்டதும் கடப்பாரையை எடுத்து மூலைத் தூணுக்குப் பக்கத்தில் தோண்டினேன். மண் ஈரமாக இருந்ததால் சுலபமாக வந்தது. ஒன்றரை அடியில் கான்கிரீட் முடிய வேண்டும், முடியவில்லை. இரண்டடி. மூன்றடி. கடப்பாரையைத் திருப்பிப் பிடித்துத் தட்டினேன். கணீரென்று கேட்டது. நாலடி வரைக்கும் போய், குழிக்குள் இடுப்பளவுக்கு மேல் நின்றுகொண்டு, அடியைக் கையால் தடவிப் பார்த்தேன்.

மறுபடி தூற ஆரம்பித்தபோது மனைவி குடையோடு வந்து குழியின் விளிம்பில் நின்றாள்.

"பாத்துட்டீங்களா?" என்றாள். "அவ்ளோ ஆழம் பூமிக்குள்ள போய்ட்டு வந்த மனுஷன். வூட்டு வாசல்ல நாலடி தோண்டிப் பாக்காம என் தம்பியத் திருடன்னீங்க."

"நீயா?"

"நான்தான். நீங்க அடிச்ச பதிமூணு மூட்டையும், கம்பியும், போல்ட்டும் நான் வாங்கிக் குடுத்தேன். கூலி அவன் வாங்கல."

"அவன் ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நான்தான் சத்தியம் வாங்கிகினேன். சொன்னா உங்களுக்கு இன்னா தோணும்னு எனக்குத் தெரியாதா? உசுரு காப்பாத்தற சாமான்னு தோணாது. இவளுக்கு ஏது இவ்ளோ துட்டுன்னு தோணும்."

நான் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். எழுதும்போது இதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன், விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அவள் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே என் நாக்கு நுனியில் வந்து நின்றிருந்த கேள்வி அதுதான். ஏது துட்டு? அதை விழுங்கினேன். விழுங்கியதை அவள் பார்த்துவிட்டாள். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துச் சேர்த்த துட்டு என்று அவளாகவே சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அதே இரண்டு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, தப்பு என் மேல்தான், வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன் என்றேன். எனக்குப் பழக்கமில்லாத பேச்சு, வார்த்தை தடுக்கியது. மச்சான் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சரி உடுங்க மாமா," என்றான். டீ வரவழைத்தான். அடுத்த ஞாயிறு வந்து ஆறு தூணின் போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிக் கொடுத்தான். நான் தோண்டிய குழியைப் பார்த்து, மண்ணை நன்றாக அடித்து மூடுங்கள் என்றான். வீட்டுக்குள் வா என்றேன். செருப்பெல்லாம் சேறு என்றான். அடுத்த முறை அவசரம் என்றான். அதற்கடுத்த முறை நானே கூப்பிடவில்லை.

இந்த வருஷப் பொங்கலுக்கு முந்தின நாள், வேனை வெளியே எடுத்து நிறுத்துங்கள் என்றாள் மனைவி. ஏன் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் எடுத்து நிறுத்தினேன். அவள் ஷெட்டுத் தரையைக் கழுவி, கோலம் போட்டு, பாய் விரித்தாள். மறுநாள் மச்சான் கரும்பும் மஞ்சளும் தட்டுமாக வந்தான். வீட்டு வாசற்படிக்கு ஆறடி முன்னால் திரும்பி, ஷெட்டுக்குள் நுழைந்தான். அவள் அங்கே நின்று வரிசையை வாங்கிக்கொண்டாள். அந்தப் பொங்கல் முகம் எப்போதும் போலவே இருந்தது. பொங்கலையும் வடையையும் இலையோடு நான்தான் சமையலறையிலிருந்து அங்கே கொண்டு போனேன். அக்காவும் தம்பியும் அந்தப் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும் வரை, வெளியே வேன் மேல் படிகிற தூளைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.